பெருஞ்செயல்களா, சிறு உதவிகளா? சிறு உதவிகளே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணிச் சான்றோர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

‘மனிதநேயத்தை வாழவைப்பவை பெருஞ்செயல்களா, அன்றாடச் சிறு உதவிகளா?’ என்ற இவ்வழக்கில், சிறு உதவிகளே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனையும் தம் அணிக்குச் சான்றாக நிறுத்தினார். ஆனால் அந்த முல்லை பாரியின் அவைக்கு வந்து கேட்கவில்லை. கொழுகொம்பின்றித் தவித்த கொடியைப் போகும் வழியில் அவன் கண்டான். அப்போது தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். தேர் நம் எல்லாரிடமும் இல்லை. வழியில் கண்டுகொள்ளும் கண் எல்லாருக்கும் உண்டு. எங்கள் அணி கேட்பது அந்தக் கண்ணைத்தான்.

பண்டிகைக் காலத்தில் சென்னைத் தியாகராய நகரின் துணிக்கடைகளுக்குச் சென்றவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அங்கே நமக்குப் புடவை விரித்துக் காட்டும் பெண்கள், கடை திறந்தது முதல் அடைக்கும்வரை நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2018-இல் கேரளமும், 2021-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தன. இது பெருஞ்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திருத்தம் என்ன சொல்கிறது? வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு நேரும்போது பணியாளர் உட்காருவதற்கு இருக்கை இருக்க வேண்டும் என்கிறது. இருக்கையைச் சட்டம் தந்துவிட்டது; அந்த வாய்ப்பை யார் தருவது? வாங்கப்போவதில்லை என்று தெரிந்த பின்னும் இன்னும் பத்துப் புடவைகளைப் பிரிக்கச் சொல்கிறவர் அதைப் பறிக்கிறார். ‘இவை போதும்மா, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் சற்று உட்காருங்கள்’ என்று மேற்பார்வையாளர் காதில் விழும்படி சொல்கிறவர் அதைத் தருகிறார். அந்தச் சொல்லுக்குச் செலவு ஏதும் இல்லை. ஆனால் உட்கார அஞ்சி நிற்கும் ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பெரிய துணை அந்த நேரத்தில் வேறில்லை.

வங்கிக்கு வாருங்கள். பணம் எடுக்கும் படிவத்தை நீட்டி, ‘கொஞ்சம் எழுதிக் குடு தம்பி’ என்று கேட்கும் பாட்டியை நாம் அறிவோம். எழுதிக் கொடுப்பது உதவி. தொகையை வரிசையில் நிற்போர் காதில் விழாமல் மெல்லக் கேட்பதும், எழுதி முடித்ததும் ‘இரண்டாயிரம் என்று போட்டிருக்கிறேன் பாட்டி, சரிதானே?’ என்று படித்துக் காட்டிய பிறகே அவரைக் கைநாட்டு வைக்கச் சொல்வதும் அந்த உதவிக்குள் இருக்கும் மரியாதை. எழுத்தறியாமையால் அவர் யாருக்கும் தாழ்ந்துவிடவில்லை என்பதை, ஒரு சொற்பொழிவும் இன்றி அது உணர்த்திவிடுகிறது. அரசு மருத்துவமனையில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறை எங்கே என்று தெரியாமல் நிற்பவருக்கும் இதே கதைதான்: திசையைக் கைகாட்டுவதை விட, கூடவே வாசல்வரை நடந்துவிடலாம். அறக்கட்டளைக்கு எழுத வேண்டிய காசோலையை அடுத்த மாதமும் எழுதலாம். இந்த உதவிகளை ஒத்திவைக்க முடியாது.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. சிறு உதவிகள் செய்பவருக்கு மனநிறைவைத் தந்துவிட்டு, அநீதியை அப்படியே விட்டுவிடுகின்றன என்கிறார்கள். நடுவர் அவர்களே, இருக்கைக்கும் கழிப்பறைக்கும் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. அத்தனை ஆண்டுகளும் அத்தகைய கடைகளில் அவர்களுக்கு எதிரே நாற்காலியில் வசதியாக அமர்ந்து துணி பார்த்தவர்கள், நம்மைப் போன்ற நல்லவர்கள்தாம். அவர்களில் எத்தனையோ பேர் கோயிலுக்கும் பள்ளிக்கும் நன்கொடை தந்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். எதிரே நின்றவரின் கால்களை அவர்கள் ஏன் காணவில்லை? பெருஞ்செயலே மனிதநேயத்தை வாழவைக்கிறது என்னும் எதிரணியினர் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று கேட்டு அமைகிறேன். நன்றி, வணக்கம்.