அம்மி நகர்ந்த கதை

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பள்ளி மேலாளர் வாரியத் தலைவர் டத்தோ அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, நாற்காலி தந்துதவிய ஆலயத் தலைவர் அவர்களே (போன முறை இவரை விட்டுவிட்டேன், இன்று இரண்டு வணக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்), ரப்பர் மரத்தில் பால்வெட்டி எங்களை ஆளாக்கிய சுங்கை சிப்புட் பெரியோர்களே, வணக்கம்.

ஈயம், அதாவது வெள்ளீயம், எப்படி உண்டாகிறது, நிலவியலாளர் அதை எப்படித் தேடுகிறார், அந்தப் படிப்புக்கு நம் பிள்ளைகள் போவது எப்படி என்று மூன்று செய்தி பேசச் சொன்னார்கள்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அம்மி என்ன கல்? கருங்கல். கிழக்கே தெரிகிற நம் மலேசியாவின் தித்திவாங்சா மலையும் கருங்கல்தான். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் பாறைக்குழம்பாகக் கிடந்து மெல்ல இறுகியது. இறுகும் பாறையில் இடம் கிடைக்காத வெள்ளீயம், கடைசியாக மிஞ்சிய குழம்பிலும் வெந்நீரிலும் சேர்ந்தது. அந்த வெந்நீர் வெடிப்புகளில் ஏறிக் குளிர்ந்த இடத்தில் படிந்த கறுப்பு மணிக்குக் காசிட்டரைட் என்று பெயர். பிறகு மழையும் வெயிலும் மலையைத் தேய்க்க, மணி ஆற்றோடு இறங்கியது. மணலைவிட இரண்டரை மடங்கு கனம். மணல் ஓடிவிடும், இது கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைக் குழிகளில் தங்கிவிடும். அம்மி நகர்ந்ததா இல்லையா?

எங்கள் பாட்டி காலையில் பால்வெட்டு, மாலையில் ஆற்றில் டூலாங், அதாவது மரத்தட்டில் மணலை அரித்து ஈயம் எடுப்பது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி சொல்லிக் கொடுத்தது. ஒரு மாதம் அரித்து மைலோ டின் நிறையக் கறுப்பு மணல் சேர்த்து, பட்டுப்புடவைக் கனவோடு ஈயம் வாங்கும் தவுக்கே (சீன முதலாளி) கடைக்குப் போனார். தவுக்கே நாலு மணியை ஜிங்கு என்கிற துத்தநாகத் தகட்டில் போட்டு ஆசிட் விட்டார். ஒன்று மட்டும் வெள்ளிபோல மின்னியது. மூன்று கறுப்பாகவே கிடந்தன. "அமாங், அக்கா!" என்றார். ஈயம் அல்லாத கழிவு. பாட்டிக்கு நம்பிக்கையில்லை. வீட்டுக்கு வந்து கூரையிலிருந்து ஒரு ஜிங்குத் தகட்டைப் பிடுங்கி, ஆசிட்டுக்குப் பதில் புளிக்கரைசலை ஊற்றி, விடியவிடியப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வந்துவிட்டது. தாத்தா சொன்னார்: "கூரையும் போச்சு, ரசமும் போச்சு."

சிரிக்காதீர்கள், அது ஆய்வு. இன்றைய நிலவியலாளரும் ஓடை மண்ணைத்தான் முதலில் எடுக்கிறார். உலோகம் கூடிக்கொண்டே போகிற கிளையைப் பிடித்து மேலே ஏறி, துளையிட்டுப் பாறைத்தண்டை வெளியே எடுக்கிறார். தவுக்கே கடையில் நடந்த அந்தச் சோதனையை நம் பள்ளியில் செய்ய முடியுமா? ஆய்வுக்கூடம் எங்கே? ஒரு பூட்டிய அலமாரி, அதற்குள் விரிசல் விட்ட ஆறு சோதனைக்குழாய். 1985இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடினபோது வேலை போயிற்று. படிப்பாவது மிஞ்ச வேண்டாமா? ஆய்வுக்கூடம் கேட்டு ஏழு கடிதம் எழுதிவிட்டோம். "பரிசீலனையில்" என்றுகூட ஒருவர் பதில் போடவில்லை. அடிமேல் அடி, ஐயா!

மணி அடித்துவிட்டார்கள், மூன்றாவது செய்தி அடுத்த விழாவுக்கு. மாண்புமிகு அவர்கள் முன்வரிசையிலேயே இருப்பதால் எட்டாவது கடிதத்தைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது.