பாத்திரம் கழுவ யார் வருகிறீர்கள்?

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்தத் தியான மையத்தின் கணக்கையும் கூரையையும் ஒருசேரக் காத்துவரும் அறங்காவலர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த ஆசிரியர்களே, இனிய வரவேற்புரை வழங்கிய செயலாளர் அம்மையார் அவர்களே, கூட்டம் தொடங்கியும் வேலை முடியாமல் இன்னும் சமையற்கூடத்தில் நிற்கும் சேவகர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் எனக்குச் சொன்ன புகழுரையில் பாதியை அந்தச் சமையற்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். முகாமில் செய்யும் சேவை எதனால் தியானப் பயிற்சி ஆகிறது, அதை எப்படிச் செய்வது, சேவகருக்கு வரும் அகங்காரத்தை என்ன செய்வது.

முதல் செய்திக்கு, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயபிடகமே சான்று. புத்தர் தம் அணுக்கச் சீடர் ஆனந்தரோடு பிக்குகளின் இருப்பிடங்களைச் சுற்றி வருகிறார். ஓரிடத்தில் வயிற்று நோய் கண்ட பிக்கு ஒருவர், தம் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். கவனிக்க ஆள் இல்லையா என்று கேட்கிறார் புத்தர். இல்லை என்கிறார் அவர். ஏன்? பிறருக்கு அவர் எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் பிறரும் அவரைக் கவனிப்பதில்லை! கேட்டவர் அங்கே உபதேசமா செய்தார்? ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். அதற்குப் பிறகுதான் சங்கத்தைக் கூட்டினார். உங்களைக் கவனிக்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. நீங்களே ஒருவரையொருவர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார், எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றார். முதலில் தண்ணீர், பிறகு பேச்சு. அந்த வரிசையைக் கவனியுங்கள்.

இனி, எப்படி? தியான ஆசிரியர் எஸ். என். கோயங்கா மரபின் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமை எடுத்துக்கொள்வோம். ஒரு முகாமையாவது முழுதாக அமர்ந்து முடித்தவரே சேவைக்கு வரலாம். ஊதியம் இல்லை. கொலை, களவு, தகாத பாலுறவு, பொய், போதை ஆகிய ஐந்தையும் விலக்கும் பஞ்சசீலம் உண்டு. காலை 8, பிற்பகல் 2.30, மாலை 6 என மூன்று வேளையும் ஒவ்வொரு மணி நேரக் கூட்டுத் தியானத்தில் சேவகரும் அமர வேண்டும். பிழை நடப்பது இங்கேதான். மதிய உணவு 11 மணிக்கு. எட்டு மணிக்குள் காய் நறுக்கி முடியாவிட்டால், “நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்” என்று ஒருவர் தங்கிவிடுவார். பார்வைக்குத் தியாகம்தான், இரண்டு நாள் போனால் அவர் குரல் உயரும், மூடிகள் தரையில் விழும், ஓசை தியான மண்டபம் வரை கேட்கும். காயை முந்தின மாலையே நறுக்கி, மூடி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். 7.50க்கு அடுப்பை அணையுங்கள். 9 மணிக்குத் திரும்பினாலும் முழுதாக இரண்டு மணி நேரம் இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது.

தியானத்தில் ஐயம் என்று யாராவது வந்தால் ஆசிரியரிடம் அனுப்புங்கள். நமக்குத் தெரிந்த விடையாக இருந்தாலும் சரி, சொல்லக் கூடாது.

அடுத்தது பாத்திரம். மூன்று தொட்டி வேண்டும். எச்சத்தை வழித்தெடுத்த பிறகே முதல் தொட்டியில் சோப்பு வெந்நீர். இரண்டாவதில் நல்ல தண்ணீர். மூன்றாவதில் 77 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 வினாடி முக்கி எடுக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு, கம்பிக்கூடையில் வைத்து இறக்குங்கள். துணியால் துடைக்காதீர்கள், துணியில் இருக்கும் கிருமி மறுபடி ஏறும். கவிழ்த்து வைத்தால் தானே காயும். முதல் தொட்டி நீர் ஆறி எண்ணெய் மிதந்தால் உடனே மாற்றுங்கள். அவசரத்தில் விட்டால் அந்தப் பிசுக்கு மற்ற இரண்டு தொட்டிக்கும் போய்விடும். இங்கேயும் பதறாத காரியம் சிதறாது!

ஆனால் கழுவ ஆள் எங்கே? விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பும் மணியை அடிக்கக் கேட்டுப் பாருங்கள், கைகள் உயரும். மண்டபத்தைக் கவனிக்கவும் போட்டி. அண்டா என்றதும் எல்லோருக்கும் முதுகுவலி. ஆகவே அறங்காவலர்கள் இன்றே ஒரு தீர்மானம் போட வேண்டுகிறேன்: இரண்டு முகாம் அமர்ந்தவர், மூன்றாவதற்கு விண்ணப்பிக்கும்முன் ஒரு முகாமுக்குச் சேவை செய்ய வேண்டும், அதில் பாதி நாள் பாத்திரப் பகுதியில்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அகங்காரத்தை இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம். அடுத்த முகாமின் பாத்திரப் பகுதிக்கு ஆண்கள் பக்கம் இரண்டு பேர், பெண்கள் பக்கம் ஒருவர் இன்னும் தேவை. படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறார்கள்.