லூப்பில் யார் நிற்பது?

வணக்கம் நேயர்களே. 31 வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். ரயிலைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. 10 நிமிஷம்தான் என்று இரண்டு தடவை எச்சரித்துத்தான் மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். பார்ப்போம்.

நீங்கள் ஏறிய பாசஞ்சர் ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் காரணம் தெரியாமல் நின்றிருக்கும். சுண்டல்காரர் கூட இறங்கிப் போயிருப்பார். அப்புறம் பக்கத்து லைனில் ஒரு எக்ஸ்பிரஸ் தடதடவென்று போகும். "லூப்புல போட்டுட்டான்யா" என்று யாராவது சொல்வார்கள். மெயின் லைனை விட்டு வண்டி ஒதுங்கி நிற்கிற பக்கத் தடம்தான் லூப். அந்தப் "போட்டவன்" என்னைப் போன்ற ஒருவன்தான்.

ஆனால் உங்களை விட அதிகமாக லூப்பில் காத்துக் கிடப்பது கூட்ஸ் வண்டி. ஒரு கார்டு ஞாபகத்துக்கு வருகிறார். வண்டியின் கடைசியில் பிரேக் வேன் என்ற பெட்டியில் வருகிறவர்தான் கார்டு. இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எனக்கு அவர் கார்டுதான். ராத்திரி 11 மணிக்கு 58 வேகன் நிலக்கரியோடு வந்த வண்டியை லூப்பில் வாங்கினேன். இரண்டு லைன் பிரிகிற இடத்தில் நடுவே ஒரு அடையாளக் கல் இருக்கும். கடைசிப் பெட்டி அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வந்தால்தான் மெயின் லைனில் இன்னொரு ரயிலை விட முடியும். அவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேகன் ஒவ்வொன்றாகக் கடந்து என் அறை வரைக்கும் நடந்து வந்தார். முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. "சார், டீ இருக்கா?" என்றார். இருந்தது. ஒரு மெயில் போனது, இன்னொரு எக்ஸ்பிரஸ் போனது, எதிரே ஒரு பாசஞ்சரும் வந்து போனது. மூன்றரை மணிக்கு அவர் சொன்னார்: "ரயில்வேக்கு சோறு போடறது எங்க வண்டி. எங்களத்தான் ஓரமா நிக்க வைக்கறீங்க." நியாயமான பேச்சு. ரயில்வே சம்பாதிக்கிற 100 ரூபாயில் 60-க்கு மேல் சரக்கில் வருவதுதான். நான் இன்னொரு டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்தேன். அமெரிக்காவில், சிகாகோவுக்கு மேற்கே அரோரா என்ற ஊர். அங்கிருந்து சிகாகோவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மாடி வைத்த பெட்டிகளோடு மெட்ரா என்ற புறநகர் வண்டி ஓடுகிறது. மூன்று தண்டவாளம். அதே தண்டவாளத்தில்தான் கூட்ஸும் போகிறது. இதில் என்ன அதிசயம், நம் ஊரிலும் அப்படித்தானே என்பீர்கள். அங்கே தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர் பிஎன்எஸ்எஃப் என்ற கூட்ஸ் கம்பெனி. வண்டியை ஓட்டுகிறவரும் அந்தக் கம்பெனி ஆள்தான். ஜனங்களின் வண்டி அங்கே குடித்தனக்காரர்! காலையிலும் மாலையிலும் நெரிசல் நேரத்தில் கூட்ஸைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். அதனால் அந்த லைனில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறொரு இடத்தில். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஒற்றைத் தடம். எங்கள் வண்டி லூப்பில் ஒதுங்கி நின்றது. 35 நிமிஷம். அப்புறம் வந்தது கூட்ஸ். பழக்க தோஷம், எண்ண ஆரம்பித்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்டெய்னர். முன்னால் மூன்று இன்ஜின், நடுவில் ஒன்று. 140-க்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது. மாப்பிள்ளை சிரித்தார். கடைசிப் பெட்டி வரும்போது என் கை தானாகத் தூக்கிக்கொண்டது, கார்டுக்கு ஆல்ரைட் காட்ட. அங்கே கார்டும் இல்லை, பிரேக் வேனும் இல்லை. கடைசி வேகன் கொக்கியில் ஒரு சின்னப் பெட்டி, அதில் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அம்ட்ராக் என்பது அந்த நாட்டின் வெளியூர்ப் பயணிகள் ரயில். அதற்கு கூட்ஸை விட முன்னுரிமை தர வேண்டும் என்று 1973-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டம் சரி. ஆனால் மூன்று கிலோமீட்டர் நீளக் கூட்ஸை எந்த லூப்பில் சொருகுவது? லூப் அதை விடச் சின்னது. உள்ளே அடங்குகிறது எதுவோ அதுதான் ஒதுங்கும். அடங்குவது பயணிகள் வண்டி. நம் ஊரில் லூப்புக்குப் பொதுவான கணக்கு 686 மீட்டர். கூட்ஸும் அந்த அளவுக்குள் அடங்கும்படி சேர்க்கப்பட்டது. அதனால்தான் என் கார்டு ஐயா டீ குடித்துக்கொண்டிருந்தார், நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். மறுபடியும் சொல்கிறேன், இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: முன்னுரிமை எந்தக் காகிதத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும், யார் நிற்பது என்பதை லூப்பின் நீளம்தான் முடிவு செய்கிறது. அதோடு, அவ்வளவு கனத்தை ஒருமுறை நிறுத்திவிட்டால் மறுபடி வேகம் பிடிக்க வைப்பது லேசில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் சின்ன வண்டியைத்தான் நிறுத்தியிருப்பேன்.

இதற்கு மருந்து உண்டு, ஆனால் விலை அதிகம். சிகாகோவில் எங்கிள்வுட் என்ற இடத்தில் ஒரு நாளைக்கு 78 மெட்ரா வண்டிகளும், கூட்ஸும் அம்ட்ராக்குமாக இன்னும் 60 வண்டிகளும் ஒரே மட்டத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டன. 2014-இல் மேம்பாலம் கட்டி மெட்ராவை மேலே தூக்கிவிட்டார்கள். பாலத்தைப் பார்க்கவென்றே ஒருநாள் போனேன், அதை விவரமாகச் சொல்ல ஆசை... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இரண்டே நிமிஷமாம்.

அப்படியானால் சாட்ஸ்வொர்த்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், 2008 செப்டம்பர் 12. ஒற்றைத் தடம். புறநகர் வண்டியின் ஓட்டுநர் செல்போனில் மெசேஜ் பார்த்துக்கொண்டே சிவப்பு சிக்னலைத் தாண்டிவிட்டார், எதிரே கூட்ஸ். 25 பேர் போய்விட்டார்கள். ஓட்டுநர் கவனிக்காவிட்டாலும் வண்டி தானே நிற்கும் கருவியை வைக்க வேண்டும் என்று அந்த வருஷமே சட்டம் வந்தது. வைத்து முடிக்க 2020 ஆயிற்று. நம் கவச் கருவியும் அந்த வகைதான், அதை இன்றைக்குச் சொல்ல நேரமில்லை. மேம்பாலத்தையும் அடுத்த தடவை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.