இருமல் அடங்கும் வரை காத்திருந்த தெரு

(குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில், வைகாசிப் பௌர்ணமி விழாவில் ஆற்றிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, என்னோடு இந்தத் தெருவில் பாண்டி ஆடி இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டவர்களே, எல்லோருக்கும் ஜெய்பீம்.

கோயம்புத்தூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பொங்கலுக்கு வராமல் இருந்திருக்கிறேன், சொந்தக்காரர் திருமணங்களைத் தவறவிட்டிருக்கிறேன். புத்தர் பிறந்த இந்தப் பௌர்ணமிக்கு மட்டும் எப்படியாவது வந்துவிடுவேன். 1989-இல் மாவட்டத்தைப் பிரித்து, நம் பக்கத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். நைனாவுக்கு எழுதும் கடித உறையில் அந்தப் பெயரை ஓர் எழுத்தும் குறைக்காமல் எழுதுவேன். இடம் போதாவிட்டால் என் பெயரைச் சுருக்கிக்கொள்வேன்.

எங்கள் தாத்தாவை உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய மனிதர். வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். போன இடத்தில் தங்கம் அவர் கைக்கு வரவில்லை, எழுத்து வந்தது. மாரிக்குப்பத்துப் பௌத்த சங்கத்தில்தான் 'தமிழன்' இதழை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றார். தமிழ்ப் பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கிய வார இதழ் அது. பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு, 1926 முதல் பௌத்த அறிஞர் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து அதை மீண்டும் நடத்தினார்.

தாத்தா ஊருக்குத் திரும்பி வந்தபோது அந்த இதழ்கள் சிலவற்றைத் தகரப் பெட்டியில் கொண்டுவந்தார். கூடவே கல்தூசி படிந்த நெஞ்சையும் கொண்டுவந்தார்.

பௌர்ணமி இரவில் இதோ இந்த வேப்பமரத்தடியில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அவர்தான் பஞ்சசீலம் என்கிற பௌத்தத்தின் ஐந்து உறுதிமொழிகளைச் சொல்லுவார். நீலம் போட்டு அலசிய வெள்ளைப் புடவையில் எங்கள் ஆயா முன்வரிசையில் இருப்பார். 'பாணாதிபாதா வேரமணி சிக்காபதம் சமாதியாமி' என்று தாத்தா சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்லுவோம். உயிரைக் கொல்லேன் என்று தமிழிலும் சொல்லித் தருவார். மூன்றாவது சீலம் முடிந்து நான்காவதைத் தொடங்கும்போது பெரும்பாலும் இருமல் வந்துவிடும். சிறிய இருமல் இல்லை. ஒரு கையால் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். தெருவே அசையாமல் உட்கார்ந்திருக்கும். அடுத்த வரி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருக்கு முந்தி ஒருவரும் அதைச் சொன்னதில்லை. ஆயா ஒரு டம்ளர் வெந்நீரை நீட்டுவார். அவர் குடித்து, மூச்சு திரும்பி, 'முசாவாதா' என்று தொடங்கிய பிறகுதான் நாங்கள் வாய் திறப்போம்.

அந்தக் காத்திருப்பின் பொருள் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது. 1898-இல் பண்டிதர் கொழும்புக்குப் போய் பௌத்தத் துறவி சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் சந்திரமணி தேரர் சொல்ல அண்ணல் அம்பேத்கர் ஏற்றார். அடுத்து அண்ணலே எழுந்து, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தம் வாயால் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு, அப்படித்தான் இது நம் வேப்பமரம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறது.

சோற்றையும் சொல்ல வேண்டும். புத்தருக்குச் சுஜாதை கொடுத்த பாற்சோற்றின் நினைவாக நாமும் பாற்சோறு பொங்குகிறோம். அன்று பால் வாங்கக் காசு கிடையாது. வீட்டுக்கு ஒரு டம்ளர் வரும். பசும்பால், எருமைப்பால், இல்லாத வீட்டிலிருந்து ஆட்டுப்பால், எல்லாம் ஒரே அண்டாவில் விழும். கிளறுகிற உரிமை பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுடையது. தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன கை. டீக்கடையில் அந்தக் கைக்குத் தனிக் குவளை வைத்திருந்த காலம் அது. மணிமேகலையில் அமுதசுரபி கோமுகிப் பொய்கையிலிருந்து மேலே வருவது புத்தர் பிறந்த இந்த நாளில்தான் என்று பிற்பாடு கல்லூரியில் படித்தபோது, எனக்கு அந்த அண்டாவும் அந்தக் கையும்தான் கண்ணில் நின்றன.

இப்போது மனத்தாங்கலான ஒன்றைச் சொல்கிறேன். என் பிள்ளைகள் போன்றவர்கள்தான் விழா நடத்துகிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். பந்தலும் பஞ்சசீலக் கொடியும் அவ்வளவு அழகு. ஆனால் சென்ற ஆண்டு பஞ்சசீலத்தைச் செல்போனிலிருந்து ஒலிபெருக்கியில் போட்டீர்கள். அருமையான குரல். முன்வரிசையில் எண்பது வயது ஆயா ஒருவர் இரண்டாவது சீலத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருந்தார். பதிவு மூன்றாவதுக்குப் போய்விட்டது. அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு திறக்கவே இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

'சமாதியாமி' என்றால் ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருள். ஏற்றுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்காக நிற்கத் தெரிந்த ஒரு குரல் வேண்டும்.

தாத்தா தம் கையால் பஞ்சசீலம் எழுதிய நோட்டு இது. ஓரமெல்லாம் உதிர்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கிற நம் தெருப் பெண் ஒருத்தி பத்து நாளாக என்னிடம் போனில் சொல்லிப் பழகியிருக்கிறாள். பாற்சோறு இறக்கியாகிவிட்டது என்கிறார்கள், சற்றுப் பொறுங்கள். மேலே வாம்மா. நோட்டைப் பிடி. அந்த ஆயா முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் வாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொல்லு.