கோலத்தை மிதித்தவள் பேசுகிறேன்

(2024 ஜனவரியில், கத்தார் ஆசியக் கோப்பைக் கால்பந்து தொடங்குமுன், வியாசர்பாடிப் பட்டிமன்றத்தில் பேசியது)

நடுவர் ஐயாவுக்கும், சென்னைக் குளிருக்கு மப்ளர் கட்டிக்கொண்டு வந்திருக்கும் வியாசர்பாடி மக்களுக்கும் வணக்கம். மீதி வணக்கங்களை நீங்களே பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கொடுத்திருப்பது பன்னிரண்டு நிமிடம்.

"ஆசியக் கோப்பைக்குக் கத்தார் போகும் நம் கால்பந்து அணி தேறுமா, தேறாதா?" என்பது தலைப்பு. தேறும் என்று பேச வந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், சீட்டுக் குலுக்கியபோது எனக்கு விழுந்த பக்கம் இது. எதிரணியில் இடம் கிடைத்திருந்தால் இதைவிட நன்றாகப் பேசியிருப்பேன். கைவசம் அவ்வளவு சரக்கு இருக்கிறது.

கால்பந்திலும் நடுவர், பட்டிமன்றத்திலும் நடுவர். ஒரே ஒரு வித்தியாசம்தான் ஐயா. அங்கே ஓடிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார்கள், இங்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓடவேண்டியிருக்கும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார். "முதல் ஆட்டம் வருகிற 13ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு, ஆஸ்திரேலியாவோடு. மறுநாள் போகி. டிவி முன்னால் உட்காரும் நேரத்தில் எழுந்து ஒட்டடை அடித்தால் குடும்பத்துக்காவது பிரயோஜனம்." எல்லாரும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் சொந்தத் தம்பியும் தட்டினான். பொங்கல் சீர் விஷயத்தில் இதை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

அண்ணே, ஒட்டடைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஆள்களைப் பார்ப்போம்.

கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து. உயரம் ஆறரை அடி. நார்வேக்குப் போய் ஆடிவிட்டு வந்தவர். டிவியில் அவரைப் பார்த்த என் மாமியார், "இந்தப் பையன் வீட்ல இருந்தா ஒட்டடைக் குச்சியே வேணாமே" என்றார். பாருங்கள் அண்ணே, ஒட்டடைக்கும் எங்களிடம் ஆள் இருக்கிறது.

தடுப்பில் சந்தேஷ் ஜிங்கன். தாடியும் கொண்டையுமாக அவர் நிற்பதைப் பார்த்தால் ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வம்தான் ஞாபகம் வரும். பக்கத்தில் சுபாஷிஷ் போஸ், பிரீத்தம் கோட்டல், ராகுல் பெகே. அன்வர் அலிக்குக் காயம், வரவில்லை. ஜீக்சன் சிங்குக்குக் காயம். ஆஷிக் குருணியனுக்கும் காயம். சஹல் அப்துல் சமது பட்டியலில் இருக்கிறார், காயத்தோடு. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டாயிற்று, பந்திக்கு வருவாரா என்பதுதான் கேள்வி.

அப்புறம் மிசோரம்காரர்கள். லாலியன்சுவாலா சாங்தே, லாலெங்மாவியா ரால்தே, லால்சுங்நுங்கா. மூன்று பேர் பெயரும் "லால்" என்று தொடங்கும். அவர்கள் மொழியில் லால் என்றால் தலைவர். எதிரணி அண்ணன் இந்தப் பெயர்களைச் சொல்ல முயன்று நடுவில் தண்ணீர் குடித்தாரே, பார்த்தீர்களா? ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்தான் என்று குழந்தையிலிருந்து சொல்லிப் பழகிய நமக்கே அந்தக் கதி என்றால், சாங்தே ஓடும் வேகத்தில் அவர் பெயரைச் சொல்லி முடிக்க எந்த வர்ணனையாளரால் முடியும்? எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் "அவனைப் பிடி" என்று கத்த வேண்டுமென்றாலும் பெயர் தெரிய வேண்டுமே. இது எங்கள் ராணுவ ரகசியம்.

நடுக்களத்தில் அனிருத். விசில் அடிக்காதீர்கள், இது வேறு அனிருத், அனிருத் தாப்பா.

சரி, கோல் யார் அடிப்பது? இங்கேதான் கொஞ்சம் இருமல் வருகிறது. நம் ஊர் லீக்கில் முன்னால் நின்று கோல் அடிக்கிற வேலைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரரைத்தான் கூட்டிவருகிறார்கள். கல்யாண வீட்டுக்குச் சமையல்காரர் வெளியூரிலிருந்து வருவார், நம் பையன்கள் சாம்பார் வாளி தூக்குவார்கள். இருபது வருஷம் வாளி தூக்கியவனை ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, இன்றைக்கு நீதான் சமையல், சாப்பிட வருவது ஆஸ்திரேலியா" என்றால் அவன் என்ன செய்வான்? ஆனாலும் மன்வீர் சிங் நவம்பரில் குவைத்துக்கே போய் ஒரு கோல் போட்டு, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த வாரமே கத்தாரிடம் மூன்று வாங்கினோம். அதை எதிரணி ஏற்கெனவே சொல்லிவிட்டதால் நான் சொல்லவில்லை.

பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச். 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர். போன வருஷம் பெங்களூரில் தெற்காசியப் போட்டியான சாஃப் கோப்பையில் பாகிஸ்தானோடு ஆட்டம். நாம் ஜெயித்துக்கொண்டிருக்கிறோம். பாகிஸ்தான் வீரர் கோட்டோரம் த்ரோ எறியப் பந்தைத் தூக்குகிறார். நம் பயிற்சியாளர் பின்னாலிருந்து வந்து பந்தைத் தட்டிவிட்டார்! தெருவில் விளையாடும்போது பந்து காம்பவுண்டுக்குள் விழுந்தால் திருப்பித் தராத ஒரு வீட்டுக்காரர் இருப்பாரே, அவரை நமக்குப் பயிற்சியாளராகப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு அட்டை. தடை முடிந்து வந்தார், குவைத்தோடு ஆட்டம், மறுபடியும் சிவப்பு அட்டை. அரையிறுதி, இறுதி இரண்டும் அவர் பக்கத்தில் இல்லாமலே ஆடினோம், கோப்பையை வாங்கினோம். இதிலிருந்து தெரிவது என்ன என்று நான் சொல்லமாட்டேன். நடுவர் ஐயா ஓய்வெடுத்தால் பட்டிமன்றம் நன்றாக நடக்கும் என்றுகூட யாராவது பொருள் எடுத்துக்கொள்வார்கள்.

அணியைத் தேர்ந்தெடுக்க ஜோதிடரிடம் பட்டியல் போனதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இந்திய அணியின் கிரகம் ஜாதகத்தில் இல்லை, எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

2019 ஜனவரி 14. மறுநாள் பொங்கல். போன ஆசியக் கோப்பை, ஷார்ஜாவில் பஹ்ரைனோடு கடைசி லீக் ஆட்டம், நம் நேரம் ராத்திரி ஒன்பதரை. அதற்கு எட்டு நாள் முன்னால் தாய்லாந்தை நாலுக்கு ஒன்று என்று அடித்திருந்தோம். அடுத்த நாளே அவர்கள் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்படி ஓர் அடி. பிறகு அமீரகத்திடம் தோற்றோம், விடுங்கள். பஹ்ரைனை ஜெயிக்கக்கூட வேண்டாம், சமன் செய்தால் அடுத்த சுற்று.

வாசலில் என் மாமியார் பொங்கல் கோலம் போடுகிறார். 21 புள்ளி. பானை, இரண்டு பக்கமும் கரும்பு, ஓரத்தில் ஒரு மாடு. கலர்ப்பொடி தூவுவது என் வேலை. நான் உள்ளே டிவி முன்னால். "ஏம்மா, மாட்டுக்குக் கொம்பு கலர் போடணும்" என்று குரல் வருகிறது. "இதோ அத்தே" என்கிறேன். கார்னர் கிக். "ஏம்மா, கரும்பு காயுது." "இதோ அத்தே." ஃப்ரீ கிக். எண்பது நிமிடம், கோல் இல்லை. எண்பத்தைந்து, கோல் இல்லை. தொண்ணூறு. எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன், ஓடினேன், வாசல்படி தாண்டி ஒரே குதி, "அத்தே, தேறிட்டோம்!"

வலது கால் பானைக்குள். இடது கால் மாட்டின் முகத்தில்.

அதே நொடியில் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல், "ஐயோ, பெனால்டி!"

ஐயா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஷார்ஜாவில் நம் கேப்டன் பிரணாய் ஹல்தாரின் கால் பெனால்டி பெட்டிக்குள் தவறுகிறது, வியாசர்பாடியில் என் கால் பானைக்குள் தவறுகிறது. ஜமால் ரஷீத் அடித்தார், உள்ளே போனது, ஒன்றுக்குப் பூஜ்யம், நாம் வெளியே. மாமியார் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே ஒரே வரி சொன்னார்: "கோலத்தை மிதிச்ச, கோல் வாங்கிட்ட."

நாடு பிரணாய் ஹல்தாரைத் திட்டியது. எங்கள் தெரு என்னைத் திட்டியது. பால் போட வந்த தம்பி பொங்கலன்று காலையில் வாசலைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதனாலதானா?" என்றான்.

இருங்கள், இன்னும் முடியவில்லை. ஐந்து வருஷமாக மாமியார் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் வருஷம் 21 புள்ளி. கொரோனா சமயத்தில் 27 ஆனது. போன மாதம் நாத்தனார் வீட்டு வளைகாப்பில் சொல்லும்போது 31 புள்ளி, நான் மிதித்தது மயில். எந்த மயில்? அங்கே மாடுதானே இருந்தது என்று கேட்டால், "நீ கீழே பாத்தா ஓடுன?" என்கிறார். இதற்கு மறுப்புரை என்னிடம் இல்லை.

அன்றிலிருந்து இந்திய அணி ஆடும்போது எனக்கு வாசலுக்கு வர அனுமதி கிடையாது. போன ஜூலையில் சாஃப் இறுதியாட்டம், பெனால்டிக்குப் போனது. எழுந்தேன். மாமியார் கதவைத் தாழ்போட்டு அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். குவைத்தின் கடைசி பெனால்டியை நம் கோல்கீப்பர் சந்து பாய்ந்து தடுத்தார் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். அதற்கு முன்னால் அத்தை என்னைத் தடுத்தார், அதை எந்தச் சேனலும் காட்டவில்லை.

முதல் மணி அடித்துவிட்டது. அண்ணே, இப்போது ஒட்டடைக்கு வருகிறேன். ஒட்டடை எங்கே பிடிக்கும்? ரொம்ப நாள் திறக்காத அறையில். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இதே ஆஸ்திரேலியாவை, அவர்கள் ஊரிலேயே, நாம் நாலுக்கு இரண்டு என்று அடித்தோம். நெவில் டிசோசா மூன்று கோல். நாலாவது அடித்தவர் கிருஷ்ணசாமி, கிட்டு என்று கூப்பிடுவார்களாம். இதைச் சொன்னதும் மாமியார், "கிட்டுவா? நம்ம வீட்டுப் பேரா இருக்கே" என்றார். ஒலிம்பிக்கில் நாலாமிடம் வரை போனோம். அந்த அறையை அப்புறம் நாம் திறக்கவே இல்லை. இன்றைக்குத் தரவரிசையில் அவர்கள் 25, நாம் 102. நடுவில் 77 படிக்கட்டு. ஒட்டடை அடிக்க வேண்டிய இடம் அதுதான் அண்ணே, பரண் இல்லை. அதற்கும் டிவியைப் போட்டுப் பார்த்தால்தானே முடியும்?

கணக்கு வேண்டுமா? நம் பிரிவில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா. ஆறு பிரிவில் மூன்றாமிடம் வருகிறவர்களிலும் நாலு பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். 35 மார்க் எடுத்தாலும் பாஸ் பாஸ்தான். என் வாதம் அவ்வளவுதான், மீதி நேரத்துக்கு வேறு ஒன்று வைத்திருக்கிறேன்.

சுனில் சேத்ரியை இதுவரை நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? வயது 39. நாட்டுக்காக 93 கோல். இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களில் அவருக்கு மேலே ரொனால்டோ, மெஸ்ஸி, இரண்டே பேர். 2018 ஜூனில் மும்பையில் அவர் மூன்று கோல் அடித்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் ஒரு வீடியோ போட்டார். திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கெஞ்சினார். இரண்டு நாள் கழித்துக் கென்யாவோடு அவருடைய நூறாவது ஆட்டம். கொட்டும் மழை, ஆனால் ஒரு டிக்கெட்கூட மிச்சமில்லை.

அந்த வீடியோவைப் போன வாரம் மாமியாருக்குப் போட்டுக் காட்டினேன். இந்தி, இங்கிலீஷ் எதுவும் புரியாது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வயசு?" "இப்போ முப்பத்தொன்பது அத்தே." "இன்னும் ஏன் ஓடுறான்? புள்ளைங்க யாரும் வரலையா?" வந்திருக்கிறார்கள், இன்னும் கை பழகவில்லை என்றேன்.

மாமியாருக்கு 68 வயது. எங்கள் தெருமுனையில் காலை நாலு மணிக்கு இட்லிக் கடை போடுகிறவர். முட்டி வலி. எத்தனையோ தடவை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாவு கரைக்க ஆள் வர்ற வரைக்கும் நிக்கத்தானேம்மா வேணும். சட்டுனு விட்டுட்டு எப்படிப் போறது?"

நடுவர் ஐயா, இதற்கும் தேறுமா தேறாதா என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை, இப்போதும் கொஞ்சம் தொண்டை கட்டுகிறது. தண்ணீர் வேண்டாம், முடிக்கிறேன்.

இன்று இங்கே கிளம்பும்போது மாமியார் கூப்பிட்டார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றார். சாயங்காலம் ஐந்துக்கு என்றேன். "சரி, அன்னைக்குக் கோலத்தை ரெண்டு பக்கமும் ஓரமா போட்டுடறேன். நடுவுல வழி விடறேன். கோல் விழுந்தா நீ ஓடி வா" என்றார்.