மணியில் இருக்கும் தமிழ் எழுத்து

அவையோருக்கு வணக்கம்.

பாரிமுனையில் ஆர்மீனியன் தெரு என்று ஒன்று இருக்கிறது. நம் முன்னோர் அதை அரண்மனைக்காரன் தெரு என்றார்கள். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆர்மீனியர் என்ற பெயர் தமிழ் நாவில் அப்படி உருண்டுவிட்டது. அந்தத் தெருவில் 1712இல் எழுந்து, 1772இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட மாதா கோயில் ஒன்று நிற்கிறது. அதை நம்பி வாழும் ஆர்மீனியக் குடும்பங்கள்தாம் இன்று சென்னையில் இல்லை.

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1600களின் தொடக்கத்தில் அவர்களைத் தாய்மண்ணிலிருந்து பெயர்த்து இஸ்பஹான் அருகே புது ஜுல்ஃபாவில் குடியமர்த்தினார். அங்கிருந்து வணிகர்களாக இங்கே வந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726இல் பாலம் கட்டித் தந்த கோஜா பெட்ரஸ் உஸ்கான் அவர்களில் ஒருவர். 1751இல் அவர் இறந்தபோது உடலை வேப்பேரியில் புதைத்தார்கள். இதயத்தை மட்டும், அவர் விருப்பப்படி, ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்கிறது வரலாறு. புலம்பெயர்ந்தவரின் மனத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனால் அவர்கள் ஏங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை என்பதைத்தான் நான் இன்று சொல்ல வந்தேன். அச்சுக்கூடம் வைத்தார்கள். ஆர்மீனியா பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் இடையே பிளந்து கிடந்த காலத்தில், ஷஹாமீர் ஷஹாமீரியான் குடும்பத்தார் சென்னையில் உட்கார்ந்து, வருங்கால ஆர்மீனியக் குடியரசுக்கு ஓர் அரசியல் சட்டத்தையே எழுதி அச்சிட்டார்கள். நாடு இல்லை, சட்டம் இருந்தது! பிறகு ஹாருத்யூன் ஷ்மாவோனியன். தம் இரு மகன்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த பாதிரியார். 1794இல் அவர் தொடங்கிய 'அஸ்தரார்' தான் உலகிலேயே முதல் ஆர்மீனிய இதழ். தாய்நாட்டில் அல்ல, சென்னையில். பதினெட்டு இதழ்களோடு 1796இல் நின்றுபோனது. அவரும் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

கி.பி. 405 வாக்கில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்ற துறவி ஆர்மீனிய எழுத்துகளை வகுத்ததே விவிலியத்தைத் தாய்மொழியில் படிக்கத்தான். எனவே அவர்களுக்கு எழுத்து வேறு, வழிபாடு வேறு அல்ல. பேச்சுமொழி எவ்வளவோ மாறிய பிறகும் வழிபாட்டில் பழைய கிரபார் மொழியே ஒலிக்கிறது. நம் கோயில்களில் ஓதுவார் பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

சென்னையில் கட்டடம் நிலைத்தது. படிக்கும் பிள்ளை நிலைக்கவில்லை. கொல்கத்தாவிலும் ஆர்மீனியர் மிகக் குறைந்துவிட்டார்கள். ஆனால் 1821இல் தொடங்கிய ஆர்மீனியக் கல்லூரி இன்றும் நடக்கிறது. ஈரானிலிருந்தும் ஆர்மீனியாவிலிருந்தும் பிள்ளைகளை வரவழைத்து, தங்கவைத்துப் படிக்க வைக்கிறார்கள். ஜனவரி 6ஆம் நாள் கிறிஸ்துமஸ் அன்று கோயில் நிறைவது அவர்களால்தான். சென்னைக் கோயிலைப் பராமரிப்பதும் கொல்கத்தா ஆர்மீனியர்களே. அவர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

சென்னைக் கோயிலின் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. 1754ஆம் ஆண்டு மணி ஒன்றை 1808இல் மறுபடி வார்த்தபோது அதில் தமிழ் எழுத்தையும் பொறித்தார்கள். அந்நிய மண்ணில் தங்கள் கோயில் மணியில் நம் மொழிக்கு இடம் கொடுத்தவர்கள் அவர்கள்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. அந்தக் கல்லூரிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது இங்கே அழைத்து வரவேண்டும். முற்றமெங்கும் கல்லறைப் பலகைகள் கிடக்கின்றன. அவற்றிலுள்ள பெயர்களை அந்தப் பிள்ளைகள் உரக்கப் படிக்கட்டும். மணியில் உள்ளதை நாம் அவர்களுக்குப் படித்துக் காட்டுவோம்.