பூனை இல்லை ஐயா, சிறுத்தை!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு, பாரசீகத்தை ஆண்ட மங்கோலியரிடம், எகிப்துக்கு எதிரான கூட்டணிக்காக ஜெஃப்ரி லாங்லி என்ற வீரரைத் தூது அனுப்பினார். அது வெற்றியா, வீண் செலவா? வெற்றி என்கிறது எங்கள் அணி. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

முன்னால் பேசிய தம்பி என்ன சொன்னார்? "படை வாங்கப் போனவர் பூனையோடு வந்தார்!" நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பி, அது பூனை இல்லை, மங்கோலிய மன்னர் கொடுத்த சிறுத்தை! கூண்டில் அடைத்து, பாரசீகத்துத் தப்ரீஸிலிருந்து கருங்கடல் துறைமுகமான திரபிசோந்து, அங்கிருந்து கப்பலில் கான்ஸ்டான்டிநோபிள், அப்புறம் இத்தாலியின் ஜெனோவா. சிறுத்தை சும்மா வருமா? அதற்குச் சாப்பாடு ஆடு! பயணச் செலவுக் கணக்கு இன்றும் இருக்கிறது. சிறுத்தைக்கு ஆடு வாங்கிய காசு அதில் ஏறியிருக்கிறது. எழுதியவர் நிலைமையை யோசியுங்கள். இன்று ஆடு. எதற்கு? சிறுத்தைக்கு. நாளைக்கும் ஆடு. யாருக்கு? அதே சிறுத்தைக்கு! ஊருக்குப் போய் இதற்குக் கையெழுத்து வாங்க வேண்டாமா? நம்ம ஆபீசில் டீக்கு பில் கேட்கிறார்கள்!

படை ஏன் வரவில்லை என்கிறார் தம்பி. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களை எதிர்க்கக் கூட்டணி பேசிவந்த மங்கோலிய மன்னர் அர்குன் கான் 1291 மார்ச்சில் செத்துப்போனார். மே மாதம், சிலுவைப் போர் வீரர்கள் கையில் இருந்த ஆக்கர் கோட்டையும் மம்லூக்குகளிடம் விழுந்தது. அடுத்து வந்தவர் அவர் தம்பி கெய்காத்து. கஜானாவைக் காலி செய்து, 1294-இல் காகிதப் பணம் அடித்து, தப்ரீஸ் கடைத்தெருவையே முடக்கிய மகராசன்! மறு வருஷம் அவரையே கொன்றுவிட்டார்கள். அந்தக் கையிலிருந்து ஒரு சிறுத்தையைக் கறந்ததே சாமர்த்தியம்தான்.

மணி அடித்துவிட்டார் நடுவர். ஒரு நிமிஷம், ஐயா.

கூட்டத்தில் எத்தனை அம்மாக்களுக்குப் பிள்ளை கடல் தாண்டி இருக்கிறான்? ரெண்டு நாள் போன் வரவில்லை என்றால் சோறு இறங்குகிறதா? லாங்லி போன காலத்தில் போன் ஏது? மொழி தெரியாத ஊர், பேச வேண்டிய ராஜா உயிரோடு இல்லை, இருபது வருஷம் முன்னால் எட்வர்டோடு போய் நின்ற ஆக்கரும் கைவிட்டுப் போயிற்று. அப்படியே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லையே! ஏற்ற வேலைக்காகப் போனார். 1293 ஜனவரியில் உயிரோடு ஜெனோவா வந்து சேர்ந்தார். பிள்ளை வந்துவிட்டான் அம்மா! அவனை வாசலில் நிறுத்தி, "படை எங்கே?" என்று கேட்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? நடுவர் ஐயாவுக்கு வருமா?

வணக்கம்.